கருமலை மண்டியில் மஞ்சள் இலை

ஒரு காட்டில் ஒரு கரடி திவாலானது.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் திவாலானதை அது ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் வந்த கூத்தைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் இப்போதே போய்விட்டு வாருங்கள்.

கரடியின் பெயர் கருமலை. தேன் மண்டி வைத்திருந்தது. பெரிய குகை. உள்ளே வரிசை வரிசையாகச் சுரைக்குடுக்கைகள். குடுக்கை நிறையத் தேன்.

கருமலைக்கு ஒரே குணம். வீம்பு. 'இல்லை' என்ற சொல் மட்டும் அதன் வாயில் வராது.

யானை வந்து, "முதலாளி, ஒரு குடுக்கை தேன் வேண்டும். விலையை அப்புறம் தருகிறேன்" என்று சொல்லும்.

'முதலாளி' என்று கேட்டதுமே கரடிக்கு நெஞ்சு விம்மும். "ஒன்று எதற்கு? இரண்டாகக் கொண்டுபோங்கள்!" என்று சொல்லும்.

காட்டுப்பன்றி வந்தது. "முதலாளி!" இரண்டு குடுக்கை. முயல் வந்தது. "முதலாளி!" முயலுக்குத் தூக்க முடியவில்லை; கரடியே கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டு வந்தது. விலை? அப்புறம்.

நரி செவ்வாலன் எல்லாரையும் மிஞ்சியது. அது தினமும் வந்தது. கடனுக்கு வாங்கிய தேனை அடுத்த காட்டில் விற்றது. விலையாகக் கிடைத்த கம்புத் தானியத்தைத் தன் வளைக்குள் கொட்டி, மேலே மண்ணைத் தள்ளி மூடியது. கரடிக்கு அதிலிருந்து ஒரு மணி கூடக் கொடுக்கவில்லை. கும்பிடு மட்டும் போட்டது. அதை நன்றாகப் போடும்.

மண்டிக்குப் பக்கத்தில் ஒரு எறும்புப் புற்று. கோடை முழுக்க எறும்புகள் கம்பு சேர்த்தன. புற்றுக்குள் வைக்க இடமில்லை. புது அறை தோண்டிக்கொண்டிருந்தன. வெளியே வைத்தால் புறா கொத்திவிடும். அதனால் சேர்த்த கம்பை எல்லாம் கரடியின் குகையில் கொண்டுவந்து வைத்தன.

"மழைக்கு முன்னால் எடுத்துக்கொள்கிறோம் முதலாளி" என்று சொன்னது சுள்ளி. சுள்ளி ஒரு கட்டெறும்பு. புற்றின் கொடுக்கல் வாங்கல் எல்லாம் அதன் பொறுப்பு. பிடித்தால் விடாது. அதன் குணம் அது.

"உங்கள் கம்பை என் கம்பு மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன்" என்றது கரடி.

சொன்னபடியே செய்தது. தன் கம்பு மாதிரியே எடுத்துச் செலவழித்தது.

மயில் வந்து ஆடினால் ஒரு கூடை கம்பு. மண்டியின் பெருமையைக் கிளி காடெல்லாம் கூவினால் ஒரு கூடை கம்பு. முன்பெல்லாம் கரடியே மரமேறித் தேன் எடுக்கும். இப்போது முதலாளி ஆயிற்றே, ஏறலாமா? குரங்குகளைக் கூலிக்கு ஏற்றியது. கூலி? கம்பு. கொஞ்ச நாளில் கூலியும் கடன்.

ஒரு நாள் குரங்குகள் வேலைக்கு வரவில்லை. கரடி குடுக்கைகளைத் தட்டிப் பார்த்தது. எல்லாம் 'டொங்' என்றன. கம்புக் குவியலைப் பார்த்தது. மலையாக இருந்த அது இப்போது ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது.

அன்றைக்குத்தான் சுள்ளி வந்தது.

"முதலாளி, மேற்கே கறுக்கிறது. எங்கள் கம்பைக் கொடுத்துவிடுங்கள்."

"நாளை" என்றது கரடி.

மறுநாள் வந்தது. "நாளை." அதற்கு மறுநாளும் வந்தது. "அட, நாளைக்கு வா என்றேனே!"

"முதலாளி, புற்றில் குஞ்சுகள் பொரிந்து கிடக்கின்றன. மழை பிடித்தால் நாங்கள் வெளியே வர முடியாது. அந்தக் கம்பு இல்லாவிட்டால் ஒன்று கூடப் பிழைக்காது."

"எனக்குத் தெரியாதா? நாளை!"

சுள்ளி போனதும் கரடி நரியைக் கூப்பிட்டனுப்பியது. காட்டில் இத்தனை பேர் இருக்க, நரியை. என்ன செய்ய?

"தம்பி, வெளியே சொல்லாதே. எனக்கு... நான்... நான் நொடித்துப்—"

நரி பாய்ந்து வந்து கரடியின் வாயைப் பொத்தியது.

"அண்ணே! அந்தச் சொல் வேண்டாம்!"

"பிறகு என்ன சொல்வது?"

"கை கொஞ்சம் இறுக்கம்."

கரடி சொல்லிப் பார்த்தது. "கை கொஞ்சம் இறுக்கம்." அட, நன்றாகத்தான் இருந்தது. திரும்பவும் சொல்லிப் பார்த்தது.

"குகை காலி, தம்பி."

"காலி இல்லை அண்ணே. இடவசதி."

"குரங்குகள் வாசலில் நின்று கத்துகின்றன."

"உங்கள்மேல் உரிமை. அதனால் கத்துகிறார்கள்."

"எறும்புகளின் கம்பு?"

"சுற்றில் இருக்கிறது என்று சொல்லுங்கள்."

"எங்கே சுற்றுகிறது?"

"அதைக் கேட்கக் கூடாது அண்ணே. கேட்டால் நின்றுவிடும்."

கரடிக்கு மனசு லேசாயிற்று. ஆனாலும் ஒரு சந்தேகம். "மழை வருகிறதே தம்பி. எறும்பு விடாதே."

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது. "ஒரு மொய் விருந்து போடுங்கள். காடே வரும். வயிறு நிறையச் சாப்பிடுவார்கள், மொய் வைப்பார்கள். ஒரே நாளில் குகை நிரம்பிவிடும். எறும்புக் கடனை எல்லாம் எச்சில் தொட்டுக் கொடுத்துவிடலாம்."

"விருந்துக்குச் சாமான்?"

"கடன்தான். உங்களுக்கு யார் தரமாட்டார்கள்?"

"கூழுக்குக் கம்பு?"

நரி மூலையைப் பார்த்தது. கரடியும் மூலையைப் பார்த்தது. எறும்புகளின் மிச்சக் கம்பு அங்கே சுருண்டு கிடந்தது.

"மொய் வந்ததும் திருப்பி வைத்துவிடலாம்" என்றது நரி.

"ஆமாம், ஆமாம். வைத்துவிடலாம்" என்றது கரடி.

இப்படித்தான். கேட்கும்போது எல்லாம் நியாயமாகவே இருக்கும்.

சுள்ளி சும்மா இருக்கவில்லை; நாட்டாமையிடம் போனது. காட்டின் நாட்டாமை காட்டெருமை. சுனைக்கரையில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஒரு கேள்வி கேட்டால் மூன்று வாய் அசைபோட்ட பிறகுதான் பதில் வரும். அதுவும் பாதி வரும்.

"ஐயா, கருமலை எங்கள் கம்பைக் கொடுக்கமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?"

அசை. அசை. அசை.

"கொடுக்கமாட்டேன் என்றாரா, கொடுக்க முடியாது என்றாரா?"

"நாளை என்கிறார் ஐயா."

"ம்." அசை. "வந்ததைவிடப் போனது அதிகம் என்றால் நஷ்டம். இன்றைக்கு இல்லை, நாளைக்கு இருக்கும் என்றால் கை இறுக்கம். நாளைக்கும் இருக்காது என்றால் நொடிப்பு." அசை. "நொடித்ததைச் சபையில் சொன்னால் அதுதான் திவால்."

"அதனால் எங்களுக்கு என்ன ஐயா?"

காட்டெருமை இந்தத் தடவை அசைபோடாமலே பேசியது. "திவால் என்று சொன்னவன் வாசலில் மஞ்சள் இலை கட்டுவோம். அதை எல்லாரும் அவமானம் என்கிறார்கள். அது பாதிதான். மீதிப் பாதி யாருக்கும் நினைவில்லை. இலை கட்டிய அன்றைக்கே, அவனுக்குக் கொடுக்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவனுக்குச் சுனையில் தண்ணீர் கிடையாது. வந்ததைப் பங்கு போடுவோம். சின்ன வயிற்றுக்கு முதல் பங்கு."

சுள்ளியின் மீசை துடித்தது. "அப்படியானால் இலையைக் கட்டுங்கள் ஐயா!"

"நான் கட்ட முடியாது. 'என்னிடம் இல்லை' என்று அவன் வாயால், சபை கேட்கச் சொல்ல வேண்டும்."

"அவர் வாயில் அது வராதே."

"அது உன் பாடு" என்று கண்ணை மூடிக்கொண்டது காட்டெருமை.

நரி ஏன் கரடியின் வாயைப் பொத்தியது என்று இப்போது புரிகிறதா? கரடிக்கு அதிகம் கொடுக்க வேண்டியது யார்? சரி, மேலே போவோம்.

விருந்து நாள் வந்தது. புங்கமரத்தடியில் பந்தல். காட்டுப்பன்றி கடனுக்குக் கிழங்கு இறக்கியது. குரங்குகள் பழைய பாக்கியைத் திட்டிக்கொண்டே புதுக் கடனுக்கு வாழைத்தார் இறக்கின. "இவ்வளவு பெரிய விருந்து போடுகிறவர் நம் பாக்கியையா வைத்துக்கொள்ளப்போகிறார்?" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டன. மரங்கொத்தி மேளம். தவளைகள் நாயனம். மயில் விரித்த தோகையை மடக்கவே இல்லை. பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"தோகையை மடக்கம்மா!" என்று கத்தியது கீரி.

"பார்க்கத் தெரியாவிட்டால் எழுந்து போ!" என்றது மயில்.

நரி வாசலில் நின்று வருகிறவர்கள்மேல் பன்னீர் தெளித்தது. பன்னீர் என்றால் குட்டைத் தண்ணீர்.

சுள்ளியும் வந்தது.

"எறும்புக்கெல்லாம் விருந்தா? மிதிபட்டுச் சாவாய். போ, போ" என்று நரி காலால் தள்ளியது.

சுள்ளி உருண்டு போய் விழுந்தது. எழுந்தபோது மூக்கில் ஒரு வாசனை அடித்தது. அண்டாவில் கம்பங்கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. சுமந்து வந்த கம்பின் வாசனை சுமந்தவளுக்குத் தெரியாதா? புற்றின் மழைக்காலம் முழுவதும் அந்த அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது.

அப்போது இரண்டு அணில்கள் ஒரு கொன்றைப்பூ மாலையைத் தூக்கிக்கொண்டு போயின. முதலாளிக்குப் போட வேண்டிய மாலை. சுள்ளி அதில் தொற்றிக்கொண்டது. பூவுக்குள் புகுந்துகொண்டது. பன்னீர் தெளித்து மாலையை உள்ளே அனுப்பியது நரிதான்.

மாலை கரடியின் கழுத்தில் விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். கரடி பல்லைக் காட்டிக்கொண்டு மணைமேல் உட்கார்ந்தது.

சாப்பாடு முடிந்தது. கூழ் தீர்ந்தது. அடுத்தது மொய். கரடியின் முன்னால் ஒரு பெரிய தேக்கிலையை விரித்தார்கள். மொய்யை அதில் வைக்க வேண்டும். அந்தக் காட்டில் மொய் எழுதுகிற வழக்கம் இல்லை. கிளி கூவும், கூவியதை மறக்காது.

யானை எழுந்தது. கிளியின் காதில் ஏதோ சொன்னது.

"யானையார்!" என்று கூவியது கிளி. "இருபது தார் வாழை!"

டொக் டொக் டொக் என்று மரங்கொத்தி மேளம் தட்டியது. கரடிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தேக்கிலையைப் பார்த்தது. இலையில் ஒன்றும் இல்லை.

"யானையண்ணே, தார் எங்கே?"

"சொன்னேனே."

"வைக்கவில்லையே?"

யானை காதை ஆட்டிக்கொண்டு நின்றது. "என் பேரன் முதல்முதலாகத் தும்பிக்கையால் தண்ணீர் குடித்த விசேஷத்துக்கு நீங்கள் என்ன மொய் வைத்தீர்கள் முதலாளி?"

"பத்துக் குடுக்கை தேன்."

"வைத்தீர்களா? சொன்னீர்களா?"

கரடி கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டது.

"சொன்னீர்கள். கிளி கூவியது. நாங்கள் கை தட்டினோம். குடுக்கை வந்துசேரவில்லை. சொன்ன மொய்க்குச் சொன்ன மொய். நான் மரியாதை தெரிந்தவன்" என்று சொல்லிவிட்டு யானை உட்கார்ந்தது.

அட, இப்படி ஒரு வழி இருக்கிறதா? பந்தலில் ஒரு சலசலப்பு. வாயால் வைப்பதில் யாருக்கு என்ன கஞ்சத்தனம்?

"காட்டுப்பன்றியார், ஒரு வயல் கிழங்கு!"

டொக் டொக்.

"கீரியார், ஒரு மலை முட்டை!"

டொக் டொக் டொக்.

"கீரி ஒரு மலை என்றால் நான் இரண்டு மலை!" என்று எழுந்தது தலைக்குரங்கு. "முட்டை இல்லை, மாம்பழம்! கிளியே, சத்தமாகச் சொல்!"

"அந்த மாமரம் என்னுடையது" என்றது வவ்வால்.

"சொல்லத்தானே போகிறேன், உனக்கென்ன நஷ்டம்?"

"அப்படியானால் நான் அடுத்த காட்டையே வைக்கிறேன்! மரத்தோடு!" என்று சிறகடித்தது வவ்வால்.

மேளக்காரனுக்கு மூக்கு வலித்தது. கிளிக்குக் குரல் கம்மிவிட்டது. தவளைகள் மூச்சு வாங்கின. கடைசி வரிசையில் இருந்து முயல் குதித்து வந்தது. அதன் கண் இரண்டும் பளபளத்தன.

"நிலாவில் பாதி! என் பெயரில்!"

பந்தல் அதிர்ந்தது. யானை தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறியது. தோகை இன்னும் மடங்கவில்லை.

கரடி என்ன செய்திருக்க வேண்டும்? அழுதிருக்க வேண்டும். அழவில்லை. கேட்கக் கேட்க அதற்கு மயக்கம் ஏறியது. வெறும் இலையைப் பார்த்து, "எவ்வளவு மொய்! எவ்வளவு மொய்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தது.

"பாதி நிலா உங்களுடையது அண்ணே! இனி உங்களுக்கு என்ன குறை?" என்று நரி பக்கத்தில் நின்று விசிறியது.

"எனக்கு என்ன குறை?" என்று கேட்டது கரடி.

அப்போது காதுக்குள் ஒரு குரல் கேட்டது.

"எங்கள் கம்பு எங்கே முதலாளி?"

கரடி திடுக்கிட்டது. பக்கத்தில் நரிதான் நின்றது; அது நரியின் குரல் இல்லை. மாலையிலிருந்து ஏறி, சுள்ளி காதுக்குள் போயிருந்தது.

"நாளை" என்று முணுமுணுத்தது கரடி.

சுருக்!

"ஆ!" என்று எழுந்தது கரடி. முதலாளி பேசப்போகிறார் என்று எல்லாரும் கை தட்டினார்கள்.

"எங்கள் கம்பு எங்கே?"

"சுற்றில் இருக்கிறது!"

"என்ன சுற்றில்?" என்றது யானை. "யாரிடம் பேசுகிறார்?"

சுருக்! கரடி ஒற்றைக் காலில் சுற்றியது.

"சுற்றுகிறார்! சுற்றுகிறார்!" என்று குரங்குகள் எழுந்து கூடவே சுற்றின. மரங்கொத்தி தாளத்தைப் பிடித்துக்கொண்டது.

"எங்கே முதலாளி?"

"கை... கை கொஞ்சம் இறுக்கம்!"

சுருக்! சுருக்! கரடி பந்தக்காலைக் கட்டிக்கொண்டது. பந்தக்கால் சாய்ந்தது.

"குஞ்சுகள் பசியோடு கிடக்கின்றன. எங்கே?"

"விடு! விட்டுவிடு!"

"எங்கே?"

"இல்லை!" என்று கத்தியது கரடி. "இல்லை! என்னிடம் இல்லை! கம்பு இல்லை, தேன் இல்லை, தினை இல்லை! மண்டியில் காற்றுதான் இருக்கிறது! என்னிடம் ஒன்றுமே இல்லை!"

மேளம் நின்றது. தவளைகள் வாயை மூடின. மயில் முதல்முறையாகத் தோகையை மடக்கியது.

பிறகு ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினார்கள்.

"நொடித்துவிட்டாரா!" என்றது யானை.

"முழுகிப்போனான்!" என்றது காட்டுப்பன்றி. "என் கிழங்கு!"

"போண்டி! போண்டி!" என்று குதித்தன குரங்குகள். அவற்றின் கூலியும் போண்டி என்று உறைத்ததும் குதிப்பது நின்றது.

"தலையில் துண்டைப் போட்டுவிட்டாரே நமக்கு!" என்றது கீரி.

பந்தல் ஓரத்தில் படுத்திருந்த காட்டெருமை எழுந்தது. அது எழுந்தாலே காடு அடங்கும்.

"சொல்லிவிட்டான். மஞ்சள் இலை கொண்டுவாருங்கள். இனி கருமலைக்கு யாரெல்லாம் தேன் விலை கொடுக்க வேண்டுமோ, அவர்கள் எல்லாரும் பொழுது சாய்வதற்குள் கொடுக்க வேண்டும். இது பழைய வழக்கம். மறந்தவர்கள் இன்றைக்குக் கற்றுக்கொள்ளட்டும்."

பந்தலில் பாதிப் பேர் வாசலைப் பார்த்தார்கள். நரி ஏற்கனவே வாசலில் இருந்தது.

"செவ்வாலா, நில்."

நரி நின்றது. திரும்பியது. சிரித்தது. "ஐயா, இது செல்லாது. முதலாளி தானாகச் சொல்லவில்லை. காதில் எறும்பு கடித்தது. அதோ, எட்டிப் பார்க்கிறது பாருங்கள்! வலியில் உளறினார். அண்ணே, நீங்களே சொல்லுங்கள். உளறினேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்!"

காட்டெருமை கரடியைப் பார்த்தது. "வலியில் சொன்னது செல்லாதுதான். கடியை நிறுத்தச் சொல்கிறேன். இப்போது நீயாகச் சொல். இருக்கிறதா, இல்லையா?"

சுள்ளி காதை விட்டு இறங்கி வந்து கரடியின் தோளில் நின்றது.

கரடி பந்தலைப் பார்த்தது. எல்லாரும் அதன் வாயையே பார்த்தார்கள். 'இருக்கிறது' என்று சொன்னால் போதும். மாலை கழுத்தில் இருக்கும், முதலாளி என்பார்கள், மேளம் அடிப்பார்கள். கரடி அண்டாவைப் பார்த்தது. அடியில் ஒட்டிய கூழை ஒரு காக்கை சுரண்டிக்கொண்டிருந்தது.

"எறும்பு கடித்தது நிஜம்" என்றது கரடி. "சொன்னதும் நிஜம். என்னிடம் இல்லை." மாலையைக் கழற்றிக் கீழே வைத்தது. "அட, சொல்லிவிட்டேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லையே!"

டமார் என்று இடி இடித்தது.

முயல் மயிலின் தோகைக்குள் பாய்ந்தது. குரங்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கரடி அண்ணாந்து பார்த்து, "நான் அதைச் சொல்லவில்லை!" என்றது. மேற்கு முழுக்கக் கறுத்துக் கிடந்தது.

"மழை!" என்றது சுள்ளி. "ஐயா, சீக்கிரம்!"

பிறகு நடந்ததை நிதானமாகச் சொல்ல முடியாது. அது நிதானமாக நடக்கவில்லை. யானை ஓடிப்போய்த் தேன் விலைக்குத் தினைக் கதிராக வாரிக்கொண்டு வந்தது. கீரி பாதி கொண்டுவந்துவிட்டு மீதியை அப்புறம் தருவதாகச் சொல்லிப் பார்த்தது. "சுனை" என்றது காட்டெருமை. மீதியும் வந்தது.

நரி மட்டும் அசையவில்லை. "ஐயா, எனக்கும் கை கொஞ்சம் இறுக்கம்."

"அப்படியா? நீயும் சபையில் சொல். மஞ்சள் இலைக்கா பஞ்சம்? உன் வாசலிலும் கட்டுகிறோம். வளையைத் தோண்டிப் பார்த்துவிட்டுக் கட்டுகிறோம்."

தோண்டுவது என்ற சொல் கேட்டதும் காட்டுப்பன்றி கிளம்பிவிட்டது. அதற்குக் கிழங்கு போன கோபம். ஒரே முட்டில் நரி வளையின் வாய் பிளந்தது. கம்பு கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. பன்றி பின்னால் நகர்ந்தது; கம்பு அதன் காலை மூடியது.

"இது என் சேமிப்பு!" என்று அலறியது நரி.

"இது என் தேன்" என்றது கரடி. அதைச் சத்தம் போடாமல்தான் சொன்னது.

எறும்புகள் புற்றிலிருந்து கிளம்பின. வளை வாசலில் இருந்து புற்று வாசல்வரை ஒரே கறுப்புக் கோடு. ஆளுக்கு ஒரு மணி, ஓட்டம். யானை வழியில் நின்றுகொண்டு யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டது. முதல் துளி விழுந்தபோது கடைசி எறும்பு உள்ளே போனது. முழுக் கம்பும் கிடைக்கவில்லை. திவாலில் முழுசாக யாருக்கும் கிடைக்காது. ஆனால் மழைக்காலத்துக்குப் போதும்.

அடுத்த பங்கு, கடனுக்கு மாலை கட்டிக் கொடுத்த அணில்களுக்கு வந்தது. குரங்குகளுக்குப் பாதிக் கூலி. பன்றிக்குக் கால் பங்கு கிழங்கு. மயிலுக்கு ஒன்றும் இல்லை.

"நான் ஆடினேனே!" என்றது மயில்.

"பார்த்தோமே" என்றது கீரி. "அதாவது, முன் வரிசை பார்த்தது."

"சொன்ன மொய் என்ன ஆயிற்று ஐயா?" என்று கேட்டது கிளி. அது ஒன்றையும் மறக்காதே.

காட்டெருமை அசைபோட்டது. "கருமலை சொன்னதும் நீங்கள் சொன்னதும் கழிந்துபோகட்டும்."

"முயல் வீட்டு விசேஷத்துக்குக் கருமலை சொன்னது ஒரு கிழங்கு. முயல் சொன்னது பாதி நிலா."

"ம். பாதி நிலாவில் ஒரு கிழங்கு போக, மீதியை முயல் கொடுக்க வேண்டும்."

முயல் மயங்கி விழுந்தது. தண்ணீர் தெளித்து எழுப்பி, "சரி, ஒரு கட்டு புல் கொண்டுவா, போதும்" என்று தீர்த்துவைத்தார்கள். அன்றிலிருந்து அந்தக் காட்டில் யாரும் வாயால் மொய் வைப்பதில்லை.

மஞ்சள் இலை மழை முடியும்வரை மண்டி வாசலில் தொங்கியது. கரடி அதன் கீழேயே படுத்துத் தூங்கியது. பல நாளைக்குப் பிறகு வந்த தூக்கம். குறட்டையில் இலை ஆடியது. வழியே போன நரி, "என்ன அண்ணே, திவால் எப்படி இருக்கிறது?" என்று கேலி செய்தது.

"அகலமாக இருக்கிறது தம்பி. காலை நீட்டிப் படுக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கரடி மறுபக்கம் திரும்பிப் படுத்தது.

மழை விட்டதும் அதுவே மரமேறியது. வயிறு பெருத்திருந்ததால் முதல் நாள் கிளையோடு கீழே வந்தது. மறுநாள் ஒரு குடுக்கை தேன் எடுத்தது. யானை வந்து, "முதலாளி—" என்று ஆரம்பித்தது.

"என்னிடம் இருப்பது ஒரு குடுக்கை. இரண்டாவது இல்லை. கடனும் இல்லை. வேண்டுமா?"

யானை குடுக்கையைத் தும்பிக்கையால் தட்டிப் பார்த்தது. பிறகு விலையைக் கீழே வைத்தது.

அந்த மழைக்காலத்தில் புற்றில் ஒரு குஞ்சு கூடப் பட்டினி கிடக்கவில்லை. யாரால் என்று காட்டில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். நாட்டாமையின் தீர்ப்பு என்பார்கள் சிலர். தோண்டியது நான்தானே என்று பன்றி முன்னால் வரும். கிளி தன்னைத்தான் சொல்லும். கரடியிடம் கேளுங்கள். அது காதைச் சொறிந்துகொண்டு ஒரே ஒரு பெயரைத்தான் சொல்லும்: சுள்ளி.

நீதி: கையில் இல்லாததை 'இல்லை' என்று வேளையோடு சொல்லிவிடு; அதை மறைக்கும் ஒவ்வொரு நாளும் அடுத்தவர் சோற்றில்தான் கழிகிறது.